பதினோராயிரம் மெயிலும் ஒரு போர்மேனும்

சைரன் அலறியபோது மணி பதினொன்று பத்து.

எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி சைரன் அடித்தால் யாரும் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. கையில் இருப்பதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல், எந்தக் கதவு பக்கமோ அந்தக் கதவு வழியாக வெளியே வந்துவிடுவார்கள். அன்றும் நாலே நிமிடத்தில் எண்பத்தாறு பேர் வேலியோரத்து வேப்பமரத்தடியில் வந்து நின்றார்கள். புகை இல்லை. சத்தம் இல்லை. வெயில் மட்டும் வழக்கம்போல் அடித்துக்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் ஆள் எண்ணி முடித்து, எந்த ஷெட் என்று கேட்டாள். மூச்சிரைக்க வந்து நின்ற முனியராஜ் பின்னால் திரும்பிக் கையைக் காட்டினார். அவர் காட்டிய திசையில் ஷெட் எதுவும் இல்லை. ஆபீஸ் ரூம்தான் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல மெயில் பெட்டி நிரம்பிருச்சு. செவப்பு எழுத்துல போட்டிருக்கான்."

எண்பத்தாறு பேரும் ஆபீஸ் ரூமைப் பார்த்தார்கள். பிறகு முனியராஜைப் பார்த்தார்கள். செருப்பில்லாமல் சுடுமண்ணில் நின்ற பேச்சியம்மாள் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள்.

"போர்மேன் அண்ணே, அது வெடிக்கிற சாமானா?"

மரத்தடியே சிரித்தது. முனியராஜ் சிரிக்கவில்லை.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இருபத்தெட்டு வருடம் போர்மேன் வேலை பார்த்தவர். அவர் கண்காணிப்பில் ஒருவர் விரலில்கூடச் சூடு பட்டதில்லை. ஒரு ஷெட்டில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, சரக்கு அனுமதித்த அளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் முதலில் ஆளை வெளியேற்று, காரணத்தைப் பிறகு விசாரி. இது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். முழங்கால் தேய்ந்து போனதால் தை மாதத்தில்தான் முதலாளி அவரை ஆபீஸ் நாற்காலிக்கு மாற்றினார். அந்த நாற்காலிக்கு வலது பக்கம் கம்ப்யூட்டர், இடது பக்கம் சைரன் சுவிட்ச். 'அளவு நிரம்பிவிட்டது, உடனே நடவடிக்கை எடுக்கவும்' என்று வலது பக்கம் சிவப்பில் வந்தது. இடது கை தானாகப் போய்விட்டது.

முதலாளி நவநீதகிருஷ்ணன் சிவகாசியிலிருந்து காரில் பறந்து வந்தார். திரையைப் பார்த்தார், முனியராஜைப் பார்த்தார். இந்த மாதத்துச் சைரன் ஒத்திகை பாக்கி இருந்ததாகவும் அது நல்லபடியாக முடிந்துவிட்டதாகவும் பதிவேட்டில் எழுதச் சொன்னார். அப்புறம் மருமகளுக்குப் போன் போட்டார்.

பிரீத்திகா ராஜபாளையத்துப் பெண். கோயம்புத்தூரில் சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு அதே வேலையைச் சிவகாசி மாடி அறையிலிருந்து பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு ஊரே வந்தது, முதலாளியின் கூடப்பிறந்த அண்ணனைத் தவிர. அண்ணன் கனகசபாபதியும் தம்பியும் ஒன்றாகக் கம்பெனி நடத்தியவர்கள். ஏழு வருடத்துக்கு முன் பிரிந்தார்கள். ஏழாயிரம்பண்ணை யூனிட் அண்ணனுக்கு, புதுப்பட்டி யூனிட் தம்பிக்கு. அதிலிருந்து பேச்சு இல்லை. அண்ணன் ஆள் அனுப்பினால் பத்திரிகைத் தட்டோடு போகலாம் என்று தம்பி காத்திருந்தார். தட்டு வரட்டும் என்று அண்ணன் காத்திருந்தார். இரண்டு பேரும் காத்திருந்ததில் முகூர்த்தம் முடிந்துவிட்டது. பிரீத்திகா தன் பெரிய மாமனாரைப் போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிறாள்.

வந்தவள் மெயில் பெட்டியைத் திறந்தாள். படிக்காத மெயில் மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம். லேபிள் டிசைன்கள், பெட்டி டிசைன்கள், ஒவ்வொன்றும் யானை எடை. மெத்தை விற்கிறவன், முடி வளர்க்கிறவன், வட்டியில்லாக் கடன் தருகிறவன். வெளிநாட்டில் காலமான ஒரு கோடீஸ்வரர் தம் சொத்தை இந்தக் கம்பெனிக்கு எழுதிவைத்திருப்பதாக ஒரு வக்கீலின் மெயில். அதற்கு மட்டும் பதில் போயிருந்தது. முனியராஜ்தான் போட்டிருந்தார். சொத்து வேண்டாம் என்றும், அன்னாரது குடும்பத்துக்கு ஆழ்ந்த அனுதாபம் என்றும்.

பிரீத்திகா பாடத்தை ஆரம்பித்தாள். உள்ளே வருகிற மெயிலெல்லாம் முதலில் இன்பாக்ஸில் நிற்கும். வேலை முடிந்தது, ஆனால் பின்னால் தேவைப்படும் என்றால் இந்த ஆர்க்கைவ் பட்டன். கண்முன்னால் இருந்து போய்விடும், ஆனால் அழியாது, பெயர் போட்டுத் தேடினால் வரும். வேண்டவே வேண்டாம் என்றால் இந்தக் குப்பைத்தொட்டிப் படம்.

முனியராஜ் ஒவ்வொன்றையும் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டார். இன்பாக்ஸ் என்பது பேக்கிங் ஷெட். வேலை முடிந்த சரக்கு அங்கே நிற்கக் கூடாது. ஆர்க்கைவ் என்பது மேகசின், அதாவது தள்ளிக் கட்டிய பூட்டுப் போட்ட கிடங்கு. அங்கே கொண்டுபோய் அடுக்கிவிட வேண்டும்.

"அப்படின்னா மேகசின்ல வச்சாலும் லைசென்ஸ் அளவுல சேத்தித்தானே, தாயி? இங்கன இருந்து அங்கன மாத்துனா இடம் காலியாகாதுல்ல?"

பிரீத்திகா அசந்துபோனாள். அவளுடைய ஆபீஸில் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கே இது விளங்க ஆறு மாதம் ஆகும் என்று மாமனாரிடம் சொன்னாள். இடம் காலியாக வேண்டுமென்றால் கனமான மெயில்களைக் கண்டுபிடித்து, வேண்டிய டிசைனை வெளியே ஹார்ட்டிஸ்கில் இறக்கிவிட்டு, மெயிலை அழித்தாக வேண்டும். எடை வாரியாகத் தேடி அதையே இரண்டு பேரும் சாயங்காலம் வரை செய்தார்கள். பிரீத்திகா குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள், சிவப்பு எழுத்து மறைந்தது. முனியராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒன்று சொன்னாள். இன்றைக்கு இடத்துக்காகக் காலி செய்தோம், மற்றபடி அழித்தது உடனே போய்விடாது, குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்கும், தெரியாமல் அழித்திருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பாடத்தையும் ஏற்றுக்கொண்ட முனியராஜுக்கு இது மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. முப்பது நாளா? கலந்த மருந்தில் மிச்சம் இருந்தால் கேட் பூட்டுவதற்குள் அன்றைக்கே அழித்துவிட வேண்டும், ராத்தங்க விடக் கூடாது என்பது பட்டாசுத் தொழிலின் முதல் பாடம். கழிவை முப்பது நாள் வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி நடத்துகிறான் என்றால் அவனுக்கு எவன் லைசென்ஸ் கொடுத்தான்? மருமகள் முகத்துக்காக அவர் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் முதல் அவருடைய ஆட்சி தொடங்கியது. சாயங்காலம் நாலரை மணிக்கு இன்பாக்ஸில் இருப்பதை எல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுப்பார். குப்பைத்தொட்டிக்கு அனுப்புவார். குப்பைத்தொட்டியையும் காலி செய்வார். பிறகு எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். வந்து உட்கார்ந்து நோட்டில் எழுதுவார்: 'மெயில் 31. பாதுகாப்பாக அழிக்கப்பட்டது. மு.ரா.'

மேகசினுக்கு அனுப்ப வேண்டியது ஒன்றாவது இருக்கிறதா என்று தினமும் பார்க்கத்தான் செய்தார். ஒன்றும் தேறவில்லை. மெத்தைக்காரனும் முடிக்காரனும்தான் வந்தார்கள். இந்தக் கம்பெனிக்கு உருப்படியாக ஒரு மெயிலும் வருவதில்லை, ஆர்டரெல்லாம் முதலாளியின் வாட்ஸப்பில் முடிந்துவிடுகிறது என்று அவர் முடிவுகட்டினார். தினமும் துடைத்துவைத்த மாதிரி இருந்த இன்பாக்ஸைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பெருமை. தங்கச்சி வளைகாப்புக்காகப் பிரீத்திகா பத்து நாள் ராஜபாளையம் போனாள். போகும்போது, அண்ணாச்சி இருக்கையில் எனக்கென்ன கவலை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இடி புதன்கிழமை விழுந்தது.

அந்த வருடம் கம்பெனியின் புது ஐட்டம் மூன்று நிறப் புஸ்வாணம். மூன்று ஷெட் ஒதுக்கி, பன்னிரண்டு பெண்களைப் பேசிவைத்திருந்தார்கள். பேசிவைத்தவர் முனியராஜ். பேச்சியம்மாளும் அதில் ஒருத்தி. புது ஐட்டம் என்பதால் தனியாக அனுமதிக் கடிதம் வேண்டும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி அதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மருந்தைத் தொடலாம். நாளைக் காலை பத்து மணிக்கு வருவதாக அதிகாரி போன் செய்துவிட்டார். கடிதத்தைக் காணோம்.

முனியராஜ் அனுமதி கொடுக்கிற சூலக்கரை ஆபீஸுக்குப் போன் போட்டு விசாரித்தார். அங்கே பளிச்சென்று பதில் சொன்னார்கள். பதினெட்டாம் தேதி மாலை ஆறு நாற்பதுக்கு மெயிலில் அனுப்பியாயிற்று. கிடைக்கவில்லை என்றால் மறுபடி மனுக் கொடுங்கள், பைல் நாலு மேசை சுற்றி வரும், எப்படியும் இருபது நாள். இருபது நாளில் தீபாவளி ஆர்டரெல்லாம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். அந்தப் பன்னிரண்டு பேரும் வேறு கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள். புது ஐட்டம் இந்த வருடத்துக்கு இல்லை.

அவர் நோட்டைத் திறந்து பத்தொன்பதாம் தேதியைப் பார்த்தார். 'மெயில் 27. பாதுகாப்பாக அழிக்கப்பட்டது. மு.ரா.'

தன் கையெழுத்தையே அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு விபத்து இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஆறு மாதத்தில் மூன்று ஷெட்டை ஒரே அமுக்கில் காலி செய்துவிட்டார்.

சேதி பரவ அரை மணி நேரம் ஆகவில்லை. பேச்சியம்மாள் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள்.

"நெசமாவாண்ணே? அந்தக் கடுதாசியவும் அழிச்சுட்டுக் கை கழுவுனீகளா?"

"கழுவுனேன்."

"சோப்புப் போட்டா?"

முனியராஜ் நோட்டை மூடிவைத்தார். அவளுக்கும் அதற்கு மேல் கேலி வரவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பெரியவர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், வேண்டுமானால் அங்கே போகிறோம், நீங்க மனசைப் போட்டு ஒழப்பாதீக என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆறுதல் அவரை இன்னும் கொஞ்சம் நசுக்கியது.

முதலாளியிடம் போய் நோட்டை நீட்டினார். நாளையிலிருந்து கேட்டில் வாட்ச்மேனாக நிற்கிறேன், அங்கே அழிக்க எதுவும் இல்லை என்றார். நவநீதகிருஷ்ணன் அப்போது கருப்பட்டி மிட்டாய் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். எழுத்து நன்றாக இருக்கிறது என்றார். கடிதம் எங்கேயும் போயிருக்காது, தேடினால் கிடைக்கும், பிரீத்திகாவை வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டைப் பிட்டார்.

முதலாளி இப்படி நிதானமாக இருந்து முனியராஜ் பார்த்ததில்லை. ஒரு பெட்டி லேபிள் கோணலாக ஒட்டியிருந்தாலே குதிக்கிற மனிதர். அதிர்ச்சியில் சிலருக்கு இப்படி ஆகும் என்று வீட்டில் மனைவியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார்.

பிரீத்திகா வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ராஜபாளையத்திலிருந்து நேராகக் கம்பெனிக்கு வந்து இறங்கினாள். வளைகாப்பு வளையல் இரண்டு கையிலும் குலுங்கியது. முனியராஜ் நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டார், கை கழுவியது உட்பட. எங்கே தேடினீர்கள் என்று கேட்டாள். இன்பாக்ஸில், குப்பைத்தொட்டியில். வேறு எங்கே தேட?

அவள் மேலே இருந்த தேடல் கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை அடித்தாள். 'அனுமதி.'

கடிதம் வந்து நின்றது. பதினெட்டாம் தேதி, மாலை ஆறு நாற்பது. கீழே முத்திரை, கையெழுத்து.

முனியராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரைக்கு ஒரு கும்பிடு போட்டார். அழித்த சரக்கு திரும்பி வருவதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, இது அழியவே இல்லை. 'பத்திரம்'னு ஒரு போல்டர் போட்டு அதுக்குள்ள எடுத்து வச்சிருக்கீக. நீங்கதானே வச்சீக?"

அவர் அவசரமாக நோட்டைப் புரட்டினார். அப்படி ஒரு வேலை செய்ததாகப் பதிவு இல்லை. பதிவு இல்லாத வேலையை அவர் செய்ததே இல்லை.

பிரீத்திகா அந்தப் போல்டரைத் திறந்தாள். அன்றைக்கு எடையை மட்டும் பார்த்ததில் பக்கவாட்டில் சுருங்கிக் கிடந்த இந்தப் பெயர் அவள் கண்ணில் படவில்லை. உள்ளே நானூற்றுச் சொச்சம் மெயில்கள். லைசென்ஸ் புதுப்பித்த கடிதங்கள் ஏழு வருடத்துக்கும் இருந்தன. சோதனைச் சான்றுகள், இன்சூரன்ஸ், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ். அவள் கணவன் சூர்யபிரகாஷின் காலேஜ் மார்க் ஷீட். மெத்தைக்காரன் ஒருத்தன்கூட இல்லை. யாரோ ஒருவர் தினமும் முனியராஜ் வருவதற்கு முன்னால் வந்து, நல்ல சரக்கைப் பொறுக்கி மேகசினில் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு மிஞ்சியது குப்பை மட்டும்தான்.

நடுவில் ஒரு மெயிலைத் திறந்தவள் கையை எடுத்துவிட்டாள். அச்சாபீஸிலிருந்து பிழை பார்க்க வந்த கல்யாணப் பத்திரிகை. அவளுடைய கல்யாணப் பத்திரிகை.

இந்தக் கணக்கை எந்தெந்தக் கருவியில் திறக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தாள். இந்தக் கம்ப்யூட்டர். மாமாவின் போன். அதற்குக் கீழே இன்னொரு போன், யாருடையது என்று தெரியாதது. கடைசியாகத் திறந்தது இன்று காலை ஐந்து பன்னிரண்டு.

முனியராஜுக்குக் கும்பிட்ட கை முறுக்கிக்கொண்டது. திருட்டுப்பயல், நம் டிசைனைத் திருடி லேபிள் அடிக்கிறவன் எவனோ என்றார். போன தீபாவளிக்கு நம் மயில் படத்தைக் கிளியாக மாற்றி அடித்தானே, அவனாகத்தான் இருக்கும் என்றார். பிரீத்திகாவுக்கு அதில் ஒரு சந்தேகம். திருட வந்தவன் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பத்திரத்தை எல்லாம் பீரோவில் அடுக்கிவிட்டா போவான்?

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். அச்செடுத்து வைத்திருந்த கடிதத்தைப் பார்த்தார், ஷெட்டின் நாலு கதவையும் திறந்து மூடிப் பார்த்தார், மண் வாளியை எட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பதினொன்றே காலுக்குப் பன்னிரண்டு பெண்களும் மூன்று ஷெட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். போகிற வழியில் பேச்சியம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, இன்னிக்குச் சாயங்காலம் எதையும் அழிக்காம வீட்டுக்குப் போங்க என்று உத்தரவு போட்டாள். முனியராஜ் ஒத்துக்கொண்டார். நேற்று ராத்திரியிலிருந்து சாப்பிடாதது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

ஆனாலும் அந்த இன்னொரு போன் அவரை உறுத்தியது. அதிகாரியைக் காரேற்றிவிட்டு வந்த முதலாளியைக் கையோடு ஆபீஸ் ரூமுக்கு அழைத்துவந்தார். பிரீத்திகா எல்லாவற்றையும் காட்டினாள். ஐந்து பன்னிரண்டைக் காட்டினாள். நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான் என்றாள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் அந்தப் போன் தானாக வெளியே போய்விடும், ஒரு நிமிட வேலை, புதுசாக ஒரு சொல் சொல்லுங்கள் மாமா என்று விரலைக் கீபோர்டில் வைத்துக்கொண்டாள்.

நவநீதகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஐந்து பன்னிரண்டைக் குனிந்து பார்த்தார். இன்னிக்குக் கொஞ்சம் லேட்டு என்றார். பாஸ்வேர்டு இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

அப்புறம் என்கிற வார்த்தையே முனியராஜுக்கு ஆகாது.

"என்ன மொதலாளி இப்படிச் சொல்றீக. நம்ம ரேட்டு, நம்ம டிசைனு, நம்ம லைசென்ஸு அம்புட்டும் வேத்தாளு கையில இருக்கு. அடைக்காம எப்படி ராத்தங்க விடுறது?"

முதலாளி கதவுப் பக்கம் போய்விட்டார். பிரீத்திகா விடவில்லை. ஏழு வருடமாக யாரோ நம் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கிறார்கள், இது தெரிந்த பிறகும் எப்படிச் சும்மா இருப்பது என்று கேட்டாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். பன்னிரண்டு பேரில் யாரோ ஷெட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தது அங்கே வரை கேட்டது.

"மாத்திப்புட்டா, நாளைக்குக் காலைல எங்கண்ணன் எப்படிம்மா உள்ள வருவாரு?"